பிரம்பைக் காணாத கதைகள்

வன்னியை எழுதும் நம்மவர் கதைகளில் உருவாட்டம் என்றால் ஒரே காட்சிதான்: விரித்த கூந்தல், பிதுங்கிய விழி, பக்கத்தில் ஓர் ஏமாற்றுக்காரப் பூசாரி. நானும் அப்படி ஒரு கதை எழுதியவன்.

தண்ணீரூற்றுக்காரனான நான் சிறுவயதில் (வாப்பாவுக்குத் தெரியாமல்தான்) வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போயிருக்கிறேன். கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்கும் ஆவல். ஆனால் மனதில் நின்றது ஒரு பிரம்பு. உடுக்கு மெல்லத் தொடங்கியது. சாம்பிராணிப் புகை, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும் குரல், பிறகு தாளம் இறுகியது. ஒரு பெண் ஆடினாள், பேசவில்லை. பிரம்பு கைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். ஊர்ப் பெரியவரை 'நீ' என்றாள். அவர் கைகட்டி நின்றார். அந்தக் கோல் அவளுக்குப் பேச்சுரிமை. குறுந்தொகை 298இல் பரணர் அகவன் மகளிரை அவர்களின் சிறுகோலோடுதான் காட்டுகிறார்.

நமக்கு இது விளங்காததா? ஜும்ஆவில் கதீபின் கைக்கு அஸா போன பிறகுதானே குத்பா. றிபாய் றாத்திபில் தகறாவின் வேகம் ஏறுவதையும் அறிவோம். அகீதா வேறு, அதை நான் குழப்பவில்லை. ஆனால் 'ஷிர்க்' என்ற தீர்ப்பு ஒரு காட்சியின் விவரிப்பாகிவிடாது.

1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். என் கதையை நான் எழுதியது அதற்குப் பின்னர், புத்தளத்தில். அதில் அந்தப் பெண் அலறுகிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிரம்பைக் கதையில் விட்டுவிட்டேன். மறந்து அல்ல.