தொடர்கதையும் படிப்போர் தீர்ப்பும்

கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் நாள்தோறும் நூறு செய்யுள் இயற்றிக் காஞ்சிக் குமரகோட்டத்து முருகன் திருமுன் வைத்தார் என்றும், அரங்கேற்றத்தின்போது முதற் செய்யுளிலேயே புணர்ச்சி வழுவுண்டென ஒருவர் தடை நிகழ்த்த, வீரசோழிய விதி கொண்டு அத்தடை நீக்கப்பட்டது என்றும் மரபுவழிச் செய்தி கூறும். இதனை வரலாறாகக் கொள்ளினும் கொள்ளாவிடினும், இதனாற் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. நூலைப் பகுதி பகுதியாக ஆக்குதலும், ஆக்கியதை அவையினர் உடனிருந்து சுவைத்தலும், தடை கூறுதலும் தமிழர்க்குப் புதியன அல்ல. இக்காலத்தில் இணையத்தில் வெளிவரும் தொடர்கதைகளைப் படிப்போர் எவற்றைப் போற்றுகின்றனர், எவற்றைக் குறைகூறுகின்றனர், அக்குறைகளுள் எவை திறனாய்வு எனத்தக்கன என்பவற்றை இப்பின்னணியில் வைத்து ஆராய்தல் தகும்.

ஈழநாட்டில் இம்மரபு புராண படனமாக நிலைத்தது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரவர் நாட்கணக்கில் இருந்து கேட்பர். சூரபன்மன் ஈற்றில் யாதாவான் என்பதை அறியாதார் அவ்வவையில் எவருமிலர். ஆயினும், மறுநாளும் அவர்கள் வந்தனர். இனி என்ன நிகழும் என்னும் ஆவல் அவர்களை அழைத்து வரவில்லை. அறிந்த கதையின் அறியாத பொருளே அழைத்து வந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் எனப் போற்றியது இத்தகைய கேள்விப் பயிற்சியால் வளர்ந்த வாழ்வையே யாகும்.

அச்சு இயந்திரம் பெருகிய பின்னர் அவை கலைந்து, படிப்போன் தனியனானான். பகுதிமுறை மட்டும் எஞ்சியது. பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ என்னும் இதழிற் தொடராகவே வந்தது. குடும்பச் சித்திரமாகத் தொடங்கிய அக்கதை பிற்பகுதியில் வேதாந்த விசாரமாயிற்று என்பது திறனாய்வாளர் பலர் கண்ட குறை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்தது. அது முடிந்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று படிப்போர் வினவினர். அவர்க்கு விடையாக ஆசிரியர் முடிவுரை ஒன்று எழுதவேண்டி நேர்ந்தது. ஆங்கில நாட்டில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1840, 1841 ஆம் ஆண்டுகளில் எழுதிய தொடரொன்றில், நெல் என்னும் சிறுமியைச் சாகவிடவேண்டாவென அன்பர் பலர் கடிதம் எழுதி மன்றாடினர். டிக்கன்ஸ் அவர்களுக்கு இணங்கவில்லை. கல்கி விடையிறுத்ததும் டிக்கன்ஸ் மறுத்ததும் தொடராசிரியர் எவர்க்கும் நேரும் இருவேறு நிலைகளாம்.

இணையத் தொடர்களுள் அளவாலும் நோக்காலும் பெரியது ஜெயமோகன் எழுதிய ‘வெண்முரசு’. மகாபாரதத்தை நாவல் வடிவில் மீள எழுதும் இம்முயற்சி, 2014 சனவரி முதலாம் நாள் ‘முதற்கன’லுடன் தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக நடந்து, 2020 யூலையில் ‘முதலாவி’ண்ணுடன் இருபத்தாறு நூல்களாக நிறைவெய்தியது. அதே 2014இல் பெங்களூரில் தோன்றிய ‘பிரதிலிபி’ போன்ற தளங்களில் குடும்பக் கதைகளும் காதற் கதைகளும் எண்ணிறந்தனவாய் வெளிவருகின்றன. அங்கே படிப்போர் ஒவ்வொரு பகுதிக்கும் விண்மீன் குறியிட்டு மதிப்பளித்து, கருத்தும் எழுதுவர்.

இவை சென்றடையும் இடங்களையும் கருதுதல் வேண்டும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ள முரசுமோட்டை, இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளைக்கும் ஊர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போரினால் அவ்வூரார் இடம்பெயர்ந்தபோது, வன்னியின் ஏனைய ஊர்களிற் போலவே நூல்கள் பலவும் வீட்டோடு கைவிடப்பட்டன. மீண்டு வந்தோர் முதலிற் கூரையை வேய்ந்தனர், வயலைத் திருத்தினர், புத்தக அலுமாரி பின்னரே நினைவுக்கு வந்தது. இத்தகைய ஊரில் விலைகொடுத்து வாங்கவியலாத பெருநூலொன்று கைத்தொலைபேசியில் நாளுக்கோர் அத்தியாயமாக வருதல் சிறிய பேறன்று. ஆதலின், இணையத்தில் வருவதெல்லாம் இழிந்தது எனத் தள்ளுதல் அறிவுடைமையாகாது.

இனி, படிப்போர் போற்றுவனவற்றை நோக்கின் அவை மூன்றாக அமையும். முதலாவது நியமம். குறித்த வேளையில் ஓர் அத்தியாயம் கிடைத்தலால் வாசிப்பு நாட்கடன்போல நிலைபெறுகின்றது. இரண்டாவது கூட்டுறவு. வெண்முரசு வெளிவந்த காலத்திற் படிப்போர் கடிதங்கள் எழுதி, ஒருவர் காணாததை மற்றொருவர் காட்டினர். பயன் சொல்வோரின் இடத்தை இக்கடிதங்கள் ஓரளவு நிரப்பின. மூன்றாவது, அறிந்த கதையிற் புதிய காரணங்களைக் காணும் இன்பம். அம்பையின் சினமும் கன்னனின் தனிமையும் பாரதம் கேட்டார் யாவரும் அறிந்தவையே. அச்சினம் உள்ளத்தில் எவ்வாறு முளைத்தது, அத்தனிமை ஒவ்வொரு நாளும் எவ்வாறு தாங்கப்பட்டது என்பவற்றை விரித்துரைக்கும்போது பழங்கதை படிப்போரின் சொந்த வாழ்வை வந்து தொடுகின்றது.

குறைகளும் பல. அடுத்த பகுதி தாமதித்தது என்பது ஒன்று. இது படிப்போனின் பசியைக் காட்டுமேயன்றி நூலின் குற்றத்தைக் காட்டாது. ஆகவே திறனாய்வில் இடம்பெறாது. மொழி கடினம் என்பது மற்றொன்று. வெண்முரசில் வடசொற்களைக் கூடியமட்டும் நீக்கிப் புதிய தமிழ்த் தொடர்கள் ஆக்கப்பட்டுள்ளன. இராதையும் கண்ணனும் பொருளாகிய ‘நீலம்’ உரைநடையினின்று விலகிப் பாட்டின் ஓசையிற் செல்கின்றது. பொருளுக்கு இயைந்த அருமை குற்றமாகாது. ஆயின், அரண்மனை வருணனையிலும் நகர் வருணனையிலும் அதே செறிவு நாள்தோறும் தொடருமாயின் செவி சலிக்கும் என்பாரின் கூற்றையும் மறுத்தல் அரிது.

வியாசரினின்று விலகினார் என்பது மூன்றாவது குறை. போர்க்களத்தில் நிகழ்ந்த கீதையைப் போர் நூல்களுக்கு முன்னரே ‘இமைக்கணம்’ என்னும் தனிநூலாக அமைத்தமை இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆயின், கம்பர் வான்மீகியினின்றும் விலகினார். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவமாகச் சுருக்கினார். விலகினாரா என்று வினவுதலினும், விலகியதனால் எப்பொருள் விளங்கிற்று என்று வினவுதலே தக்கது. நான்காவது குறை நீளம். இதுவே மிக வலியது. நாள்தோறும் எழுதவேண்டும் என்னும் நெருக்கடி ஒருமுறை கூறியதை மறுமுறையும் கூறச்செய்யும். போர் பற்றிய நூல்களில் ஒரே வகைச் சாவும் ஒரே வகை அவலமும் மீண்டும் வருகின்றன என்பாருளர். போரின் இயல்பே அதுவென விடையிறுப்பாருமுளர். போரைக் கண்ணாரக் கண்ட வன்னி மாந்தர்க்கு இவ்விடை பொய்யெனத் தோன்றாது. எனினும், வாழ்வில் நேரும் சலிப்பை ஏட்டில் அவ்வாறே பெயர்த்தல் கலையாகாது. தேர்ந்தெடுத்தலே கலையின் முதற்றொழில்.

இக்குறைகளினும் பெரிய கேடு ஒன்றுண்டு. கருத்தும் விண்மீன் குறியும் அன்றன்றே வந்து குவியும் தொடர்களில், ஆசிரியன் படிப்போரின் விருப்பத்துக்கு அடிமையாதல் எளிது. அவர் விரும்பிய பாத்திரம் சாகாது. வெறுத்த பாத்திரம் திருந்தாது. பிரிந்தோர் தவறாது கூடுவர். கதை முடியவேண்டிய இடத்தில் முடியாது. பகுதிதோறும் இறுதியில் ஒரு திடுக்கம் வைக்கப்படும். மறுபகுதியின் முதல்வரியில் அது ஒன்றுமில்லாததாகும். படிப்போர் ஏமாறியதை உணர்ந்தும் தொடர்ந்து படிப்பர். பின்னர் அவர்களே அக்கதை இழுபடுகின்றதென முறையிடுவர். தாம் கேட்டதையே பெற்றுத் தாமே நொந்துகொள்ளும் இந்நிலைக்கு ஆசிரியன் மாத்திரம் பொறுப்பாகான்.

எனவே, தொடர்கதையின் இன்பமும் குற்றமும் இடைவெளி என்னும் ஒரே ஊற்றினின்றும் பிறப்பன எனலாம். இரு பகுதிகளுக்கு நடுவேயுள்ள பொழுதைச் சிந்தனையால் நிரப்பினால் அது புராண படனத்தை ஒக்கும். ஆவலால் மட்டும் நிரப்பினால் சூதாட்டத்தை ஒக்கும். அவ்வப்பகுதியைப் பற்றி அன்றன்று எழுதும் கருத்து இடைக்காலத் தீர்ப்பேயன்றி முடிந்த தீர்ப்பன்று. நூல் நிறைவெய்திய பின்னர் முதலினின்றும் மீளப் படித்துக் கூறுவதே திறனாய்வு. அடுத்த பகுதி கையில் இருக்கவும் இப்பகுதியை மறுமுறை படிக்க மனம் வருமா என்பதே அதற்குரிய உரைகல்.

மாணாக்கர் கைத்தொலைபேசியிற் கதை படித்தலைத் தடுக்க முயலும் ஆசிரியர் தோல்வியே அடைவர். படித்ததைப் பற்றி வகுப்பில் வினவும் ஆசிரியரோ பழைய பயன் சொல்வோரின் ஆசனத்தில் அமர்கின்றார். இனி என்ன நடக்கும் என்று மாணவன் கேட்கும்போது, இதுவரை நடந்தது ஏன் நடந்தது என்று அவனைத் திருப்பிக் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைதர இயலாத கதையை, பிறர் சொல்லாமலே, அவன் தானாகக் கைவிடுவான்.