அடிக்குறிப்பு யாருக்கு?

பிரிட்டனில் வாழும் முஸ்லிம்களைப் பற்றி நம்மவரிடையே பேச்செழும் போதெல்லாம், 1989-ஆம் ஆண்டில் பிராட்ஃபர்ட் நகரில் ஒரு நாவலுக்கு இட்ட தீயே முதற்கண் நினைவுக்கு வருகிறது. எரிக்கப்பட்ட நூலின் பெயரை நாடறியும். அம்மக்கள் தாமே எழுதிய நூல்களையோ, தலைமுறைதோறும் கையில் வைத்துப் போற்றிவந்த நூல்களையோ நாம் அறிந்தோமில்லை. அப்பரந்த பொருளுள் மொழிபெயர்ப்பாளரின் பணி ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியுமாக மும்பையில் வாழும் நமக்கு இப்பொருள் அயலானதன்று.

இலண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்றோர் ஊர் உண்டு. கீழை மொழிகளில் வல்லவரான லைட்னர், போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பொருளுதவி பெற்று, 1889-இல் அங்கொரு பள்ளிவாசலை எழுப்பினார். இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து முஸ்லிம்களின் எழுத்தும் பேச்சும் பெரிதும் அவ்வூரைச் சுற்றியே வளர்ந்தன. அதற்கு அண்மையிலுள்ள புரூக்வுட் இடுகாட்டில் இருவர் துயில்கின்றனர். ஒருவர் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், மார்மடியூக் பிக்தால். மற்றவர் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியர், அப்துல்லா யூசுப் அலி. இருவரும் திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்தவர்கள்.

பிக்தால் 1875-இல் பிறந்தார்; கிறித்தவ மதகுருவின் மகன். இளமையிலேயே எகிப்து, சிரியா முதலிய நாடுகளில் திரிந்து, எளிய மக்களோடு பழகி அரபு கற்றார். சயீத் என்னும் மீனவனைப் பற்றி 1903-இல் எழுதிய நாவல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1917-இல் இலண்டனில் தாம் முஸ்லிம் என்பதைப் பலரறிய அறிவித்தார். 1920-இல் நம் மும்பைக்கு வந்து 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழின் ஆசிரியரானார். பின்னர் ஐதராபாத்தில் பணியாற்றிய காலத்து, நிஜாம் அரசு ஊதியத்தோடு அளித்த விடுப்பைப் பயன்படுத்தி மொழிபெயர்ப்பை முடித்தார். 1930-இல் அது வெளிவந்தது. யூசுப் அலியோ சௌபாத்திக் கடற்கரையை நோக்கி நிற்கும் வில்சன் கல்லூரியின் மாணவர். கேம்பிரிட்ஜில் பயின்று ஐ.சி.எஸ். அதிகாரியானவர். அவருடைய மொழிபெயர்ப்பு லாகூரிலிருந்து 1934 முதல் பகுதி பகுதியாக வந்து 1937-இல் நிறைவெய்தியது.

இருவர் நடையையும் ஒப்பிட ஒரு சொல்லே போதும். மறையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், இது யாருக்கு வழிகாட்டி என்று உரைக்கும் இடத்தில், 'முத்தகீன்' என்னும் சொல் வருகிறது. காத்தல் என்று பொருள்படும் வேரில் பிறந்த சொல் அது. பிக்தால் அவ்வேரை விடாது பற்றி, தீமையை விலக்கித் தம்மைக் காத்துக்கொள்வோர் என்னும் கருத்துப்பட எழுதினார். யூசுப் அலி இறைவனை அஞ்சுவோர் என்னும் வழக்கமான பொருளை மேற்கொண்டு, கோழையின் அச்சம் வேறு, அன்பில் விளைந்த அச்சம் வேறு என்று பிறிதோரிடத்துக் குறிப்பில் விரித்துரைத்தார். இலண்டனில் பேராசிரியராக விளங்கிய எகிப்தியர் எம். ஏ. எஸ். அப்துல் ஹலீம், 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த தம் மொழிபெயர்ப்பில், இறைவனை நினைவில் இருத்துவோர் என்று அதனை ஆக்கினார். தமிழில் 'இறையச்சம்' என்பது நிலைத்துவிட்டது.

மூலச் சொல்லுக்கு மிக அணுக்கமாக நிற்பவர் பிக்தாலே என்பது நம் துணிபு. ஆயினும் அவர் ஆங்கிலம் இன்றைய இளைஞருக்கு எளிதில் வசப்படுவதன்று. பழைய ஆங்கில விவிலியத்தின் ஓசையும் முன்னிலைச் சொற்களும் அதில் நிறைந்துள்ளன. மதகுருவின் இல்லத்தில் வளர்ந்தவருக்கு வழிபாட்டின் மொழி அதுவாகத்தானே இருக்க முடியும்? மறையை வேற்றுமொழியில் முற்றும் பெயர்க்க இயலாது என்று முன்னுரையிலேயே கூறிவிட்டமையால், அவர் அணி எதனையும் சேர்க்கவில்லை. குறிப்புகளும் மிகச் சிலவே.

யூசுப் அலி அவ்வாறு அடங்கி நிற்பவர் அல்லர். வரிகளைப் பாட்டடிகள்போல் மடக்கி, ஓசை கருதிச் சொற்களைப் பெருக்கினார். மூலத்தில் இல்லாத சொற்கள் இடையே புகுந்துவிட்டன என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவருடைய நூலின் உயிர் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அக்குறிப்புகளில் வரலாறும் இலக்கணமும் உருவக விளக்கமும் ஒருங்கே வருகின்றன. இடையிடையே ஆங்கிலக் கவிஞரும் தலைகாட்டுகின்றனர். ஆங்கிலத்தையே இஸ்லாமிய மொழிகளுள் ஒன்றாக்க வேண்டும் என்பது அவர் முன்னுரையில் வெளியிட்ட விழைவு. சிறிய விழைவன்று அது!

இத்துணைக் குறிப்புகள் யாருக்காக எழுதப்பட்டன? ஆங்கிலக் கல்வி பெற்று அரபை இழந்த முஸ்லிம் இளைஞருக்காக என்பது ஒரு விடை. மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, 'உங்கள் மறையில் அப்படி என்ன இருக்கிறது?' என்று பண்போடு வினவும் ஆங்கிலக் கனவானுக்காகவும்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக ஊரூராகப் பேசியவர் யூசுப் அலி. துருக்கியரை எதிர்த்துப் போரிடேன் என்றவர் ஆங்கிலேயரான பிக்தால்! ஒப்புதலை நாடி நின்றவருக்கே விளக்கம் மிகுதியாகத் தேவைப்பட்டது போலும். அவருடைய முடிவு நெஞ்சை உலுக்குவது. 1953-ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டன் குளிரில், ஒரு வீட்டு வாயிற்படியில் ஆதரவற்ற முதியவராகக் கண்டெடுக்கப்பட்டு, மருத்துவமனையில் உயிர் துறந்தார். பின்னாளில், 1985-இல், சவூதி அரேபியப் பதிப்பாளர் அவர் நூலைத் திருத்தி வெளியிட்டபோது குறிப்புகள் பலவற்றில் கை வைத்தனர். எனினும் கோடானுகோடி வீடுகளில் ஆங்கிலத் திருக்குர்ஆன் என்றால் அவர் நூலே என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

அடிக்குறிப்பே இல்லாமல் எழுத முடியுமா என்னும் வினாவை அடுத்த தலைமுறையில் எழுப்பியவர் ஒரு பெண். கெய்ரோவில் பிறந்து, கார்ட்டூமில் வளர்ந்து, 1990-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குக் குடிவந்தவர் லைலா அபுலேலா. அவருடைய முதல் நாவல் 1999-இல் வெளிவந்தது. 'மொழிபெயர்ப்பாளர்' என்பதே அதன் பெயர். கணவனை இழந்த சூடானியப் பெண் சமர், அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ரே ஐல்ஸ் என்னும் ஆய்வறிஞருக்காக அரபுப் பத்திகளை ஆங்கிலமாக்குகிறாள். தீவிரவாதக் குழுவொன்றின் துண்டறிக்கையும் அவள் மேசைக்கு வருகிறது. படிப்போர் நடுங்க வேண்டிய அத்தாளில் அவள் காண்பது எழுத்துப் பிழைகளையும் கறைகளையுமே. இரக்கமே அவளுக்குத் தோன்றுகிறது. மூலமொழியை உள்ளிருந்து படிப்பவளுக்கு மட்டுமே வாய்க்கும் பார்வை இது. நபிமொழிகளை அவள் பெயர்க்கும் பகுதிகளிலும் ஆசிரியர் வெளியாருக்கென்று நின்று விளக்குவதில்லை. தொழுகையும் பனியும் அடுப்பில் கொதிக்கும் குழம்பும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

ரேயும் சமரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அவன் இஸ்லாத்தை ஏற்றாலன்றி மணம் இல்லை என்பது அவள் நிலை. முடிவில் அவன் ஏற்கிறான். இம்முடிவு செயற்கை என்பாருண்டு. காதலுக்காகத் தன் சமயத்தை உதறும் நாயகியை இயல்பென ஏற்கும் வாசகர், காதலனைத் தன் சமயத்துக்குள் அழைக்கும் நாயகியைக் கண்டதும் ஏன் திடுக்கிட வேண்டும்? தன்னலம் கருதியே அவன் மாற்றத்தை வேண்டினோம் என்று சமர் உணர்ந்து, அவன் பொருட்டு மட்டும் இறைஞ்சும் இடம் நாவலின் உச்சம். அதற்குப் பின் வரும் மணம் வெறும் பரிசன்று. நமக்குள்ள குறை வேறு. சமரின் மனத்தசைவு ஒவ்வொன்றையும் காட்டிய ஆசிரியர், ரேயின் மனமாற்றத்தைத் திரைக்குப் பின்னே நிகழ்த்திச் செய்தியாக மட்டும் தந்துவிடுகிறார். இவ்வொரு நெஞ்சத்தை மட்டும் அவர் பெயர்த்துத் தரவில்லை.

2005-இல் வந்த 'மினாரா' நாவலில் இக்குறை இல்லை. செல்வக் குடும்பத்தில் பிறந்து, தந்தை தூக்கிலிடப்பட்டபின் இலண்டனில் பணிப்பெண்ணாகிய நஜ்வா, ரீஜண்ட்ஸ் பூங்காவில் 1977-இல் எழுந்த பள்ளிவாசலில் பெண்களோடு அமர்ந்து பாடம் கேட்கிறாள். அங்கு வரும் பெண்கள் சிரிக்கின்றனர், குழந்தையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கின்றனர், ஆடையின் நிறத்தைப் பற்றிக் கருத்துரைக்கின்றனர். ஏன் வந்தார்கள் என்று எவரும் எவருக்கும் விளக்குவதில்லை.