கண்ணாடி அடுப்பும் வெல்லப்பாகும்

பினாங்கின் புதிய அடுக்குமாடி வீடுகளில் மேடையோடு பதித்த கண்ணாடி அடுப்புகள் வந்துவிட்டன. கேஸ் தோம்பு தூக்க வேண்டாம், துடைப்பது சுலபம் என்று சொல்லி விற்கிறார்கள். நம் சமையலுக்குப் பிறகும் சுலபம்தானா? கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள் சிவந்து எரியும் வகையில் பால், சாம்பார், வெல்லப்பாகு எல்லாம் காய்ச்சி, துடைத்துப் பார்த்தேன்.

இது சாதாரணக் கண்ணாடி இல்லை. 1953இல் அமெரிக்காவின் கார்னிங் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி 600 டிகிரியில் சூடாக்க வைத்த கண்ணாடித் துண்டு, உலை கோளாறால் 900 டிகிரிவரை போய்விட்டது. வெளியே எடுக்கையில் கைதவறி விழுந்தும் அது உடையவில்லை. அதன் வழிவந்ததே இன்றைய அடுப்புக் கண்ணாடி. சூட்டில் விரியாது, ஆறும்போது சுருங்காது. அதனால் கொதிக்கும் இடத்தில் தண்ணீர் சிந்தினாலும் விரிசல் விடாது.

வினையும் அங்கேதான். பாகு ஆறும்போது சுருங்கும், கண்ணாடி சுருங்காது. ஒட்டிக்கொண்ட பாகு மேல்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். அந்தக் குழி பிறகு எதற்கும் மறையாது. சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் வைக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

சில சொட்டுப் பாகை ஓரமாக விட்டுப் பார்த்தேன். அடுப்பை அணைத்து, கையுறை மாட்டி, பிளேடு பொருத்திய சுரண்டியை நன்றாகச் சாய்த்துத் தள்ளினேன். பாகு நூலாக இழுபட்டு, சுருண்டு, பிளேடில் ஏறிக்கொண்டது. கண்ணாடியில் தழும்பு இல்லை. சூட்டோடு செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். மற்ற எல்லாக் கறைக்கும் அடுப்பு ஆறட்டும்.

பொங்கி வழிந்து கருகிய பாலுக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மேலே ஈரத்துணி போர்த்தி ஊறவிட்டால் போதும், சுரண்டியில் பொருக்காக வந்துவிடும். வெள்ளை உப்புக்கறைக்கு வினிகர். அலுமினியச் சட்டி இழுத்த சாம்பல் கோடுகளைப் பார்த்தால் கீறல் போலவே இருக்கும், ஆனால் அது ஒட்டிய உலோகம்தான். அதற்கு மட்டும் கடையில் விற்கும் செராமிக் அடுப்பு கிரீம் உண்மையிலேயே உதவுகிறது. தினசரி எண்ணெய்க்கு அதைச் செலவழிக்க வேண்டியதில்லை, பாத்திரம் கழுவும் சோப்பே போதும். பச்சை நார், கம்பி நார், பிளீச் மூன்றையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சட்டியின் அடியையும் துடைத்துவிட்டு வையுங்கள். கீரையோடு வந்த ஒரு மணல் துகள் போதும், கோடு விழுந்துவிடும்.

துடைப்பதில் இந்த அடுப்புக்கு நல்ல மதிப்பெண் தருவேன், சுரண்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால். ஆனால் சொரசொரப்பான அடியுள்ள இரும்புத் தோசைக்கல்லும் மண்சட்டியும் இதற்கு ஆகாது. தினமும் தோசை வார்க்கும் வீடு என்றால், பக்கத்தில் ஒரு கேஸ் அடுப்புக்கும் இடம் விட்டு மேடை கட்டச் சொல்லுங்கள்.