பெயரே சான்றாகுமா? ‘மாரிசன்ஸ் ஜிக்’ மெட்டின் ஒலிப்பதிவும் சுரக்குறிப்புகளும்

முன்னுரை

அயர்லாந்தின் மரபு நடன இசை செவிவழியாகக் கற்கப்படுவது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அதன் மெட்டுகள் இசைத்தட்டுகளிலும் அச்சுத் தொகுப்புகளிலும் பெருமளவில் இடம்பெற்றன. ஒரு மெட்டின் வரலாற்றைத் தேடுவோர் இவ்விருவகைச் சான்றுகளையும் திரட்டி, மிகுதியான சான்றுகளில் காணப்படும் வடிவத்தையே மூலவடிவமாகக் கொள்ளும் போக்கு உண்டு. சான்றுகளை எண்ணுவதற்கு முன் அவற்றிடையே உள்ள உறவை அறிய வேண்டும் என்பதை, இன்று ‘மாரிசன்ஸ் ஜிக்’ எனப் பரவலாக வழங்கும் மெட்டின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஒரு மெட்டும் மூன்று பெயர்களும்

ஜேம்ஸ் மாரிசன் (1893–1947) ஸ்லைகோ கவுண்டியில் பிறந்து, 1915இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த ஃபிடில் கலைஞர். நியூயார்க் நகரில் வாழ்ந்த அவர் 1921 முதல் 1936 வரை இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். 1936இல் அவர் வாசித்துப் பதிவான இந்த ஜிக் மெட்டு, ‘மாரிஸ் கார்மடியின் விருப்ப மெட்டு’ என்னும் பொருள்படும் பெயரில் வெளிவந்தது. அவருடன் இணைந்து வாசித்துவந்த கெரி கவுண்டி அகார்டியன் கலைஞர் டாம் கார்மடியிடமிருந்து மாரிசன் இதனைக் கற்றார் என்பதும், டாம் அதனைத் தம் தந்தை மாரிஸிடமிருந்து பெற்றார் என்பதும் இசைஞரிடையே வழங்கும் செய்தி. கார்மடி குடும்பத்தில் அம்மெட்டுக்கு ‘அடுப்புத்திண்டின் குறுக்கே கிடக்கும் குச்சி’ எனப் பொருள்படும் வேறொரு பெயர் இருந்தது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. வணிகப் பதிவுகள் மரபின் அடையாளங்களை அழிக்கும், வாய்மொழி வழக்கே அவற்றைக் காக்கும் என்பது பொதுவான கருத்து. இம்மெட்டைப் பொறுத்தவரை நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. வணிக இசைத்தட்டின் ஒட்டுச்சீட்டு மெட்டைத் தந்தவரின் பெயரைத் தாங்கி நின்றது. அத்தட்டைக் கேட்டுக் கற்ற இசைஞரின் வழக்கோ அப்பெயரை விடுத்து, வாசித்தவரின் பெயரை நிலைநாட்டியது. எனவே ‘மாரிசன்’ என்னும் பெயர் மெட்டை ஆக்கியவரைச் சுட்டவில்லை; மெட்டு பரவிய வழியையே சுட்டுகிறது.

சுரக்குறிப்புகளின் மதிப்பு

ஒரே பிழையைக் கொண்ட சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவையாக இருக்கலாம் என்பது மூலபாட ஆய்வின் அடிப்படை நெறி. ஒரு சுவடியிலிருந்து படியெடுக்கப்பட்ட பத்துப் படிகள் பத்துச் சான்றுகள் ஆகா. இந்நெறி இம்மெட்டுக்கும் பொருந்தும். ‘மாரிசன்ஸ் ஜிக்’ என்னும் தலைப்பு அந்த இசைத்தட்டின் செல்வாக்கால் விளைந்தது. ஆகவே அத்தலைப்புடன் அமைந்த சுரக்குறிப்பு, தட்டிலிருந்து நேரடியாகவோ அதைக் கேட்டுக் கற்றவர் வழியாகவோ வந்திருக்க வாய்ப்பு மிகுதி. எனினும் பெயர் மட்டுமே முடிவான சான்றன்று. மெட்டை வேறு வழியில் கற்ற ஒருவர் பின்னர் புகழ்பெற்ற பெயரை ஏற்றிருக்கவும் கூடும். ஆகவே பெயரோடு சுரங்களின் போக்கும் ஒப்பிடப்பட வேண்டும்.

சுரக்குறிப்பின் இயல்பான வரம்பும் கருதத்தக்கது. பரவலாக வழங்கும் எளிய குறிப்பில் இம்மெட்டின் முதல் பகுதி இரு நெடுஞ்சுரங்களோடு தொடங்குகிறது. வாசிப்போர் அவற்றை ‘ரோல்’ எனப்படும் அணியாலோ குறுஞ்சுரங்களாலோ நிரப்புவர். ஒருமுறை நிரப்பியவாறு மறுமுறை நிரப்புவதில்லை. குறிப்பில் காணப்படும் நெடுஞ்சுரம் வாசிப்பின் பதிவு அன்று. வாசிப்போருக்கு விடப்பட்ட இடம்.

ஒலிப்பதிவும் குறையற்ற சான்றாகாது. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே கொள்ளும். நடனக் கூடத்தில் மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும் மெட்டு அதற்குள் சுருக்கப்பட்டது. அக்காலத் தட்டுகள் யாவும் நிமிடத்திற்கு 78 சுழற்சி என்ற வேகத்திலேயே துல்லியமாகப் பதிவானவை அல்ல. மறுவெளியீட்டில் வேகம் மாறினால் சுருதியும் காலமும் ஒருங்கே மாறும். மறுவெளியீட்டை மட்டும் கேட்டு எழுதப்பட்ட குறிப்பில் அம்மாற்றமும் இடம்பெறக்கூடும்.

பிரானாக் காட்டிய நெறி

பிரெண்டான் பிரானாக் (1912–1985) 1963இல் வெளியிடத் தொடங்கிய ‘கியோல் ரிங்க நா ஹேரன்’ தொகுப்பு இச்சிக்கலுக்கு ஒரு வழி காட்டுகிறது. மெட்டை எவரிடமிருந்து பெற்றார் என்பதை அவர் குறித்தார். தொடக்க அடிகளின் சுரங்களை எண்களாக்கி, பெயரின் துணையின்றியே மெட்டுகளை ஒப்பிடும் அட்டவணையையும் உருவாக்கினார். பெயர் மாறினும் மெட்டை அடையாளம் காண்பதற்கு அட்டவணை உதவுகிறது. மெட்டு ஒன்றாயினும் வாசிப்புகளை வேறுபடுத்தி அறிவதற்கு மூலக்குறிப்பு உதவுகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கைக்கொள்ளும் ஆய்வு முழுமை பெறாது.

முடிவுரை

இம்மெட்டின் மூன்று பெயர்களில் எது சரியானது என்பது பயனற்ற வினா. ஒன்று குடும்ப வழக்கையும், மற்றொன்று தந்தையிடமிருந்து மகன் பெற்றதையும், மூன்றாவது இசைத்தட்டின் செல்வாக்கையும் உணர்த்துகின்றன. எண்ணிக்கையை மட்டும் நம்பும் ஆய்வு மூன்றாவதையே வரலாறாகக் கொள்ளும். தட்டின்மேல் அச்சிடப்பட்டிருந்தும் மாரிஸ் கார்மடியின் பெயர் அவ்வரலாற்றில் விடுபட்டுப்போகும். சான்றுகளின் வழிமுறையை நிறுவிய பின்னரே அவற்றை எண்ணுதல் தகும்.