பல்லாங்குழியும் சிக்கல் தீர்க்கும் திறனும்: வீட்டு விளையாட்டின் வலிமையும் வரம்பும்

தேவநேயப் பாவாணர் சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், 1954இல் வெளிவந்த அவரது ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூல், ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகள், இருபாலார் என ஆடுவோரை அடிப்படையாகக் கொண்டு ஆட்டங்களை வகைப்படுத்தி, அவற்றின் ஆடுமுறைகளைப் பதிவுசெய்தது. அன்று திண்ணையிலும் வாசலிலும் பொழுதுபோக்காக நிகழ்ந்த பல்லாங்குழியும் ஆடுபுலியும் இன்று குழந்தைகளின் சிந்தனைத் திறனை வளர்க்கும் கருவிகளாகப் பெற்றோருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. பாராட்டுக்குரிய இப்பரிந்துரை எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் மிகைபடுகிறது என்பது ஆராயத்தக்கது.

சிக்கல் தீர்க்கும் திறன் என்பது, அடைய வேண்டிய நிலை தெரிந்தும் அதற்கான வழி தெரியாதபோது, கைவசமுள்ள வழிகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் விளைவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, பிழைத்தால் திருத்திக்கொள்ளும் ஆற்றலாகும். பல்லாங்குழி இத்திறனைத் தூண்டும் முறையை ஒரு நகர்வைக் கொண்டே விளக்கலாம். இரு வரிசையாக ஏழேழு குழிகள் உள்ள பலகையில், ஒரு குழியின் முத்துகளை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதும், கையிலுள்ளவை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வதும், அக்குழி வெறுமையாக இருந்தால் அதற்கப்பாலுள்ள குழியின் முத்துகளை வென்றெடுத்து முறையை எதிராளிக்கு விடுவதும் பரவலாக வழங்கும் விதிகள். இடமிருந்து வலமாக ஆடும் சிறுமி ஒருத்தியின் இரண்டாம் குழியில் மூன்று முத்துகளும், ஏழாம் குழியில் எட்டு முத்துகளும் உள்ளன. ஆறாம் குழி வெறுமையாக இருக்கிறது என்று கொள்வோம். ஆட்டத்துக்குப் புதியவள் என்றால் நிறைந்திருக்கும் ஏழாம் குழியையே அள்ளுவாள். எட்டில் ஏழு முத்துகள் எதிராளியின் குழிகளில் போய் விழும். சில நாள் ஆடிப் பழகியவளோ வெறுங்குழியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாம் குழியை அள்ளினால் மூன்று முத்துகளும் ஐந்தாம் குழியோடு தீர்ந்து, ஏழாம் குழியின் எட்டும் தன் கைக்கு வரும் என்று கண்டுகொள்வாள். இலக்கிலிருந்து தொடக்கத்தை நோக்கி எண்ணும் இம்முறையை, கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட தம் நூலில் சிக்கல் தீர்க்கும் உத்திகளுள் ஒன்றாக விளக்கினார். இங்கே அதைக் குழந்தைக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அவள் நகர்வு சரியா தவறா என்பதைப் பலகையே உடனுக்குடன் காட்டிவிடுகிறது.

மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டம் வேறொன்றைக் கற்பிக்கிறது. இரு தரப்பின் வலிமையும் இலக்கும் ஒன்றல்ல என்பதால், ஆடுகளை நகர்த்தும் குழந்தை, தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும் என்பதையும், பின்னால் இடம் விடாமல் அணியாக நின்றால் புலியையே அசையவிடாமல் அடைத்துவிடலாம் என்பதையும் எதிராளியின் கண்கொண்டு பார்த்தே உணர முடியும். தாயத்திலோ விழும் எண் குழந்தையின் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்ற தேர்வு மட்டுமே எஞ்சுவதால் அதன் பயன் சற்றுக் குறைவு. ஆகவே மரபு விளையாட்டுகள் அனைத்தும் ஒரே தன்மையில் அறிவை வளர்க்கும் என்ற பொதுக்கூற்று முதற்படியிலேயே தளர்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறைபாடு, ஓர் ஆட்டத்தில் பெற்ற திறன் வாழ்க்கை முழுவதற்கும் பரவிவிடும் என்ற நம்பிக்கையில் உள்ளது. ஒரு துறையில் பெற்ற பயிற்சி மற்றொன்றில் உதவுவதைக் கற்றல் மாற்றம் என்பர். இரண்டுக்கும் பொதுவான கூறுகள் இருந்தாலன்றி அது எளிதில் நிகழாது என்று தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901ஆம் ஆண்டிலேயே காட்டினர். அமெரிக்க ஆய்வாளர்களான சீக்லர், ரமணி ஆகியோர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளும் இதையே நுட்பமாக உணர்த்துகின்றன: எண்கள் நேர்வரிசையில் அமைந்த பலகையில் ஆடிய மழலையரின் எண்ணறிவு உயர்ந்தது, எண்களை வட்டமாக அடுக்கிய பலகை அதே அளவு பயன் தரவில்லை. பல்லாங்குழியில் தேர்ந்த குழந்தை எண்ணுவதிலும் முன்னோக்குவதிலும் தேறியிருக்கக்கூடும்; அதனால் எல்லாச் சிக்கலையும் அவிழ்க்கும் என்று உறுதி கூறுவது விளம்பரத்துக்குப் பொருந்துமேயன்றி ஆய்வுக்குப் பொருந்தாது.

மற்றொரு குறை பெரியவர்களின் தலையீட்டால் விளைவது. உட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976இல், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு கட்டியதை ஆராய்ந்து, குழந்தையால் இயலாததை மட்டும் தாங்கிப் பிடித்து, இயன்றதை அதன் கைக்கே விடும் உதவியைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சாரம் தேவைக்கு மிஞ்சினால் நேர்வதை 2011இல் வெளிவந்த போனவிட்ஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது: பொம்மையின் ஒரு பயனை ஆசிரியர் செய்துகாட்டக் கண்ட குழந்தைகள், அதன் பிற பயன்களைத் தாமே தேடுவதைக் குறைத்துக்கொண்டனர். மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில் இவ்வெச்சரிக்கை கூடுதல் பொருளுடையது. பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டாலும், விடையை விரைந்து சொல்வதே அறிவு என்ற எண்ணம் வீடுகளில் எளிதில் மறைவதில்லை. “அதை எடுக்காதே, இதை எடு” என்று தாயோ தந்தையோ பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கியதும், பல்லாங்குழியும் இன்னொரு டியூஷனாகிவிடுகிறது.

சமூக நிலையையும் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் விசைத்தறி ஓட்டும் குடும்பங்களிலும், சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட நேரமில்லாத பெற்றோரைக் குறைகூறுவது நியாயமன்று. அப்பத்தாவோ அம்மாயியோ உடனிருக்கும் வீட்டில் எளிதாக நடப்பது, தனிக்குடித்தனத்தில் அரிதாகிறது. பல்லாங்குழியைப் பெண்பிள்ளைகளுக்கும் ஆடுபுலியை ஆண்களுக்கும் ஒதுக்கிய பழைய வழக்கத்தை, மரபு என்ற பெயரில் இன்றும் தொடர வேண்டிய தேவையில்லை. முத்துகளாகப் பயன்படும் புளியங்கொட்டையும் சோழியும் தொண்டையில் சிக்கும் ஆபத்து இருப்பதால், எதையும் வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைகளுக்கு இவ்வாட்டங்கள் ஏற்றவையல்ல. அவர்களுக்கு அளவு வேறுபட்ட கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் விளையாட்டே போதும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, வீட்டு விளையாட்டின் பயன் பலகையைவிட அதனெதிரே அமர்பவரைப் பொறுத்தே அமைகிறது எனலாம். ஆசிரியராக அமரும் பெரியவர் விடையைச் சொல்லிவிடத் துடிப்பார். எதிராளியாக அமர்பவருக்கோ விடையைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, ஆயினும் தம் நகர்வுகளால் நல்ல வழி எது என்பதைக் குழந்தையின் கண்முன் காட்டிக்கொண்டே இருப்பார். அவர் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தால் குழந்தைக்குச் சிக்கலே எழாது. ஒவ்வொரு முறையும் வென்றால் ஆடும் ஆசையே போய்விடும். முத்துகளைக் குறைத்து வைத்தோ, தமக்குரிய குழிகளில் ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்தோ போட்டியைச் சமன்செய்து, பின்னர் உண்மையாகவே ஆடும் பெரியவர் வாய்த்தால், வாரத்தில் சில மாலைப்பொழுதுகளே போதும். அவர் வாய்க்காத வீட்டில் அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அப்பணியைக் குறைவின்றிச் செய்வர்.