காலப்பிரமாணம் பிசகாத கலகம்

பங்க் இசை மீது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஒரே குற்றச்சாட்டுதான்: வாசிக்கத் தெரியாதவர்கள் கூடிப் போட்ட கூச்சல். அதை நேசிப்பவர்களிலும் பலர் இதை மறுப்பதில்லை. தெரியாமல் வாசிப்பதுதான் அதன் அழகு என்று சமாதானம் சொல்வார்கள். இரண்டு தரப்பையும் நான் ஏற்கவில்லை. காலத்தைத் தாண்டி நின்ற பங்க் ஆல்பங்களை எடுத்து, பாடகரைச் சற்று மறந்துவிட்டு, டிரம்ஸையும் கிடார் மீட்டும் வலக்கையையும் மட்டும் கவனியுங்கள். காதில் விழுவது கடும் உழைப்பு. முதல் சாட்சி ரமோன்ஸ். நியூயார்க்கின் இந்த நால்வர் 1976-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம். வேகமான பாட்டுக்குக் கிடார் கலைஞர்கள் பொதுவாகக் கையை மேலும் கீழுமாக ஓட்டுவார்கள். கை திரும்பி வரும்போதும் ஒரு மீட்டல் கிடைப்பதால் உழைப்பு பாதியாகும். ஜானி ரமோன் அந்தச் சலுகையை ஒதுக்கிவிட்டார். ஒவ்வொரு மீட்டலும் மேலிருந்து கீழேதான். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே கனம், ஒரே கூர்மை. 1977-ன் கடைசி இரவில் லண்டன் ரெயின்போ அரங்கில் பதிவான 'இட்ஸ் அலைவ்' ஆல்பத்தில் 28 பாடல்கள் 54 நிமிடத்துக்குள் முடிகின்றன. ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஒரே முனையிலிருந்து ஓய்வில்லாமல், ஒரு பந்தும் நீளம் தவறாமல் வீசிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது. பின்னால் டாமி ரமோனின் டிரம்ஸில் அலங்காரம் கிடையாது. காலப்பிரமாணம் அசைவதும் கிடையாது. பங்க் கேட்கத் தொடங்குபவர் முதலில் எடுக்க வேண்டியது இந்த ஆல்பத்தைத்தான்.

உடனே ஒருவர் சிட் விஷஸ் பெயரைச் சொல்வார். பேஸ் கிடார் சரியாக வாசிக்கத் தெரியாமலே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் சேர்ந்து, பங்க்கின் முகமாகவே ஆகிவிட்டவர் அவர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழுவின் 1977 ஆல்பத்தை உருவாக்கியவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலான பாடல்களில் பேஸ் வாசித்தவர் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ். சிட்டுக்குப் பதிவுக்கூடத்தில் அநேகமாக வேலையே இருக்கவில்லை. தயாரிப்பில் பங்கு வகித்த கிறிஸ் தாமஸ், பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் ஒலிக்கலவையைக் கவனித்தவர். ஜோன்ஸ் தன் கிடாரை அடுக்கடுக்காகப் பதிந்தார். பால் குக் டிரம்ஸில் ஒரு அடி தள்ளாடவில்லை. மேடையில் சிட் நிகழ்த்தியது ஒரு தோற்றம். ஆல்பத்தைத் தாங்கியது ஜோன்ஸும் குக்கும்.

வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் இன்னும் வலுவான சாட்சி. இந்தக் கறுப்பின இளைஞர்கள் பங்க்குக்கு வருமுன் 'மைண்ட் பவர்' என்ற பெயரில் ஜாஸ் ஃபியூஷன் வாசித்தவர்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா போன்ற குழுக்களின் வழியில் நடக்க முயன்றவர்கள். (அந்த ஆர்கெஸ்ட்ராவின் ஜான் மெக்லாக்லின்தான் பின்னாளில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர். லயக் கணக்கின் மீதான அந்த மோகம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது!) 1982-ல் முதலில் கேசட்டாக மட்டும் வந்த அவர்களது முதல் ஆல்பத்தில், வார்த்தை பிடிபடாத வேகத்தில் பாட்டுகள் பறக்கின்றன, நடுவே நிதானமான ரெகே வந்து அமர்கிறது. வேகத்தின் உச்சத்திலிருந்து அந்த நடைக்கு இறங்கி, மறுபடி ஏறும்போது எர்ல் ஹட்சனின் டிரம்ஸிலும் டேரில் ஜெனிஃபரின் பேஸிலும் ஒரு தடுமாற்றமும் தெரியாது. கட்டுக்கடங்காமல் ஓடுபவர்களால் இப்படி நினைத்த இடத்தில் நிற்க முடியாது.

லண்டன் குழுவான த கிளாஷ் விஷயத்தில் என் வாதத்துக்கு எதிர்ச்சோதனையும் இருக்கிறது: டிரம்ஸ் கலைஞரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1979 டிசம்பரில் பிரிட்டனில் வெளியான 'லண்டன் காலிங்' இரண்டு தட்டுகள், 19 பாடல்கள். ரெகே, ராக்கபிலி, ஸ்கா, ஜாஸ் சாயல் என்று நடை மாறிக்கொண்டே போனாலும் குழு ஒன்றாகவே நிற்பதற்கு டிரம்ஸ் கலைஞர் டாப்பர் ஹெடன்தான் காரணம் என்பேன். ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ் எழுதும் எந்தப் பாட்டுக்கும் அதற்குரிய தாளம் அவர் கையில் இருந்தது. 'ராக் த காஸ்பா' பாட்டில் டிரம்ஸ், பேஸ், பியானோ மூன்றுமே அவர் வாசித்தவை. ஹெராயின் பழக்கத்தால் 1982-ல் அவர் வெளியேற்றப்பட்டார். 1985-ன் கடைசி ஆல்பமான 'கட் த கிராப்'பில் பெரும்பாலும் இயந்திர டிரம்ஸ்தான். அந்தக் குழுவின் ஆல்பங்களில் உயிரில்லாதது அது ஒன்றே. இடையில் மிக் ஜோன்ஸும் வெளியேற்றப்பட்டதால்தான் சரிவு என்று சொல்லலாம். பாடல்கள் மெலிந்ததற்கு அது காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரைக்கு மேலே மிதப்பதுபோல் அந்த ஆல்பம் ஒலிப்பதற்கு, கீழே ஒரு மனிதக் கால் அழுத்தாததுதான் காரணம்.

யாரும் குழு தொடங்கலாம் என்ற பங்க்கின் வாக்குறுதியை இந்த வாதம் பறித்துவிடுகிறதா? இதுதான் கனமான ஆட்சேபம், இதற்கு மினிட்மென் குழுவைத்தான் பதிலாக வைக்க முடியும். கலிஃபோர்னியாவின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவில் டி. பூன், மைக் வாட் இருவரும் சிறுவயது நண்பர்கள். வித்வான் பட்டம் தேடியவர்கள் அல்ல, சேர்ந்து வாசித்தே கற்றவர்கள். பூன் தன் கிடாரின் ஒலியை வேண்டுமென்றே மெலிதாகவும் கீச்சென்றும் வைத்துக்கொண்டார். வாட்டின் பேஸுக்கும் ஜார்ஜ் ஹர்லியின் டிரம்ஸுக்கும் இடம் விட வேண்டும், குழுவில் ஒருவர் மற்றவரை அமுக்கக் கூடாது என்பது அவருக்கு அரசியல் நம்பிக்கை. 1984-ல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' இரட்டை ஆல்பத்தில் 40-க்கு மேற்பட்ட பாடல்கள். பல இரண்டு நிமிடத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொன்றிலும் மூவரும் பேசி முடித்து, சரியான நொடியில் நிறுத்துகிறார்கள். இங்கே சொன்ன ஆல்பங்களில் எனக்கு மிகப் பிரியமானது இதுதான். பூன் 27 வயதில் சாலை விபத்தில் இறந்துபோனதால் இதன் அடுத்த கட்டம் நமக்குக் கிடைக்காமலே போயிற்று. ஆல்பத்தின் தலைப்புக்கும் ஒரு கதை உண்டு. சாலையில் மணிக்கு 55 மைலுக்கு மேல் என்னால் ஓட்டாமல் இருக்க முடியாது என்று ராக் பாடகர் சாமி ஹேகர் ஆல்பம் வந்த அதே ஆண்டு பெருமையாகப் பாடியிருந்தார். அதற்குப் பதில்தான் இந்தத் தலைப்பு: 'டபுள் நிக்கல்ஸ்' என்றால் இரண்டு ஐந்து, அதாவது 55. அட்டைப் படத்தில் வாட் கார் ஓட்டுகிறார். கண்ணாடியில் அவர் கண்கள், எதிரே ஊர்ப் பெயர்ப் பலகை, வேகமானியின் முள் சரியாக 55-ல்.