குதிரைத்திறன்: ஒரு தீர்ப்பைப் பிரதியாக வாசித்தல்

கிண்டியில் பந்தய நாட்களில் விற்ற ரேஸ் புத்தகத்தை முதலில் ஒரு பிரதியாக எடுத்துக்கொள்வோம். குதிரையின் பெயர், வயது, நிறம், தகப்பன், தாய், உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை, ஜாக்கி போடும் சட்டையின் நிறம் என அத்தனையும் அதில் இருக்கும். குதிரைக்கு வம்சாவளியே உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு வளையத்தில் நடத்திவரும் சைஸுக்கு, அதாவது லாயக்காரனுக்குப் பெயர் கிடையாது. இது அச்சுப்பிழை அல்ல. யார் பெயருக்கு உரியவர், யார் பெயருக்கு வெளியே என்று வகுப்பதுதான் அந்தப் புத்தகத்தின் வேலையே.

இதைவிடக் கனமான பிரதி 1996 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு. 1974இல் திமுக ஆட்சி குதிரைப் பந்தயச் சூதைத் தடுக்கச் சட்டம் செய்தது. 1986இல் அதிமுக ஆட்சி சென்னை ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. இரண்டையும் தாங்கியது ஒரே கதையாடல்தான்: ரேஸுக்குப் போகிற ஏழை குடும்பத்தை அழிக்கிறான், தகப்பனாகிய அரசு கையைப் பிடித்துத் தடுக்கிறது. தீர்ப்பு இதைக் கவிழ்த்துவிட்டது. பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறன் விளையாட்டு. குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை. ஜாக்கி வித்தை தெரிந்தவன். பணம் கட்டுகிறவனும் இதையெல்லாம் எடைபோட்டுத்தான் கட்டுகிறான் என்றது.

சரி, ஒப்புக்கொள்வோம். திறனுக்கு விரித்த இந்தப் பந்தியில் லாயக்காரனுக்கு ஏன் இலை போடவில்லை?

வாலாஜாபாத்தில் என் தெருக்காரர் ஒருவர் கிண்டி லாயத்தில் சைஸாக இருந்தவர். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்துவந்த ஊட்டி சீசனுக்குக் குதிரைகளோடு லாரியில் ஏறிப் போனவர். (இங்கிலாந்துபோலத் தடை தாண்டும் பந்தயங்கள் இங்கே இல்லை, நமக்குச் சமதள ஓட்டம்தான்.) அவர் சொல்வார்: "மேட்டுப்பாளையம் தாண்டிட்டா தூங்க முடியாது தம்பி. வளைவுல வண்டி திரும்பறப்ப அது எந்தக் கால்ல கனம் போடுதுன்னு பாத்துக்கினே நிக்கணும். ராத்திரி தீனி மிச்சம் வெச்சுதுன்னா டாக்டருக்கு முன்னாடி எனக்குத் தெரியும்." குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். விடியுமுன் முன்னங்கால் நரம்பைக் கையால் தடவி, நேற்றைவிடச் சூடு கூடியிருக்கிறதா என்று சொல்கிற அறிவு எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி வந்திறங்கிய குதிரைகள் இங்கே செத்து மடிவதற்குப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததையே காரணமாக எழுதிவைத்தார். ஆக, இந்த உழைப்பு திறன்தான் என்பது 700 வருஷப் பழைய சேதி.

நம் ஒழுக்கவாதிகளுக்கும் (இடதுசாரி நண்பர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) ரேஸ் என்றால் தோற்கிற ஏழை மட்டுமே கண்ணில் படுகிறான். அங்கே கூலி வாங்குகிற ஏழை அவர்கள் சொல்லாடலுக்குள் நுழைவதேயில்லை. 1975இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் லாயத் தொழிலாளர்கள் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தய நாளில் ஓடுதளத்தை மறித்து உட்கார்ந்தார்கள். ரேஸ் பார்க்க வந்த கனவான்கள் இறங்கி அடித்தார்கள். அந்தப் பெயரற்ற உடல்கள் ஓடுதளத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரியவந்தன.

இங்கே மறிப்பது யாரை? சம்பளம் கொடுப்பவர் பயிற்சியாளர், அவருக்குக் கொடுப்பவர் குதிரை உரிமையாளர், மைதானம் கிளப்புடையது, நிலம் அரசுடையது. 2014இல் பெங்களூரு டர்ஃப் கிளப் வழக்கில், ரேஸ் கிளப்பும் ஈஎஸ்ஐ சட்டத்தின் 'கடை' என்ற சொல்லுக்குள் வரும் என்றது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் சைஸ் கிளப்பின் ஆள் இல்லையே.

2024 ஜூனில் ஊட்டி மைதானத்தை வருவாய்த்துறை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகை ரத்தானது. வருஷத்துக்கு 614 ரூபாய் வாடகை என்று போட்ட 99 வருஷக் குத்தகை அது. ரத்து செய்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வேளச்சேரி மிதக்கிற ஊரில் அங்கே குளம் வெட்டட்டும். குளம் எத்தனை கனஅடி கொள்ளும் என்று கணக்குப் போடுகிற அரசு, அந்த லாயங்களை நம்பி எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கை எந்தப் பதிவேட்டில் தேடும்?

என் தெருக்காரர் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். சம்பளம் கொடுப்பவர் வேறு, வேலை வாங்குபவர் வேறு, பழகிய ஏற்பாடுதான். குதிரைத்திறனில் அளக்கப்படும் இன்ஜின்கள் ஓடுகிற வட்டாரத்தில், காண்ட்ராக்டர் பதிவேட்டில் அவர் 'அன்ஸ்கில்டு'. குறைந்தபட்சக் கூலி அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. இந்த வட்டாரச் சங்கங்கள் போனஸுக்கும் நிரந்தரத்துக்கும் போராடுகின்றன, சரி. அந்தச் சொல்லை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதையும் கோரிக்கை மனுவில் ஒரு தகராறாக ஏற்றலாம். அவரிடம் இதைச் சொன்னேன். "ஏத்துங்க தம்பி, ஆனா என் பேரைப் போடாதீங்க, கேட்ல நிறுத்திடுவான்" என்றார்.